உயிர் இறைக்கும் ஏற்றம்

நுழையும்முன்

உண்ட சோறு உழைப்பாக மாறுவது உடலின் எந்த இடத்தில்? மூச்சை அடக்கினால் சில நிமிடங்களில் உயிர் தத்தளிப்பது எதனால்? இவ்வினாக்களுக்கான விடை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சவ்வின் இருபுறமும் நிகழும் ஓயாத இறைப்பில் அடங்கியிருக்கிறது. அந்த இறைப்பைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று; தோல் பதனிடும் ஊர்களில் அது உயிர்காக்கும் அறிவும் ஆகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாலாற்றங்கரையில் ஒரு காலை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே அமைந்துள்ள ஊர் ஆம்பூர். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும் பாலாறு அதன் அருகே செல்கிறது. பொழுது புலர்ந்ததும் அவ்வூரின் தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. கையில் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் பெண்கள் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளுக்காகச் சாலையோரம் காத்திருக்கின்றனர். தோல் பதனிடும் கூடங்களில் மரத்தாலான பெரிய உருளைகள் உள்ளே தோலைப் புரட்டியவாறு சுழலத் தொடங்குகின்றன. சுண்ணாம்பு நீரில் ஊறிக் கனத்த தோல்களை ஆடவர் இழுத்துப் போடுகின்றனர். நண்பகலில் சீரகச் சம்பா அரிசியில் சமைத்த பிரியாணியின் மணம் கடைவீதியெங்கும் பரவுகிறது.

இந்த ஊரின் இயக்கம் அனைத்தும் உழைப்பு. தோலை இழுக்கும் கை, தையல் இயந்திரத்தை மிதிக்கும் கால், பேருந்தை எதிர்நோக்கும் கண், நாள் கூலியைக் கணக்கிடும் மூளை என ஒவ்வொன்றும் ஆற்றலால் இயங்குகிறது. காலையில் உண்ட உணவே அந்த ஆற்றலுக்கு மூலம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால், சோற்றுப் பருக்கை ஒன்று தசையின் இழுவிசையாக மாறுவதற்கு இடையில் என்ன நிகழ்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் அறிவியலாளர்களை நெடுங்காலம் திகைக்க வைத்த புதிராக இருந்தது.

தமிழில் 'உயிர்த்தல்' என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்ற பொருளும் உண்டு. மூச்சும் உயிரும் ஒரே சொல்லில் பிணைந்து கிடக்கின்றன. அந்தப் பிணைப்பு உடலுக்குள் எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது என்பதே இங்குக் காண வேண்டியது.

செலாவணியாகும் ஒரு மூலக்கூறு

உடலின் செல்கள் ஆற்றலைப் பணம்போல் செலவிடுகின்றன. அந்தப் பணத்தின் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. மூன்று பாஸ்பேட் தொகுதிகளைக் கொண்ட இம்மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரியும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே தசை சுருங்குகிறது. நரம்பு தன் செய்தியை அனுப்புகிறது.

இம்மூலக்கூறின் கண்டுபிடிப்பில் சென்னையில் பயின்ற ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1923இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து ஆய்வு செய்தார். தசையிலுள்ள பாஸ்பரஸின் அளவைத் துல்லியமாக அறியும் முறையை இருவரும் உருவாக்கினர். அம்முறையின் துணையோடு 1929இல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதனைக் கண்டறிந்தார்.

உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபியின் அளவு மிகச் சிறிது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால், ஒரு நாளில் மனித உடல் ஆக்கிச் செலவிடும் ஏடிபியின் மொத்த எடையோ ஏறத்தாழ அம்மனிதரின் எடைக்கே நிகரானது. கையில் உள்ள சிறு தொகையே ஒரு நாளில் ஆயிரம் முறைக்குக் குறையாமல் கைமாறித் திரும்புகிறது என்று கொள்ளலாம். எனவே, ஏடிபியைச் சேமித்து வைத்துப் பிறகு செலவிடும் வழக்கம் உடலுக்கு இல்லை. அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் கூலித் தொழிலாளியின் வாழ்க்கையைப் போன்றதுதான் செல்லின் வாழ்க்கையும். வரவு நின்றால் அடுத்த நொடியே பஞ்சம்.

ஏற்றமும் மதகும்

அந்த வரவு பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணிகளிலிருந்து வருகிறது. செல்லுக்குள் மிதக்கும் இந்நுண்ணுறுப்புக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு வழுவழுப்பானது; உட்சவ்வு பல மடிப்புகளைக் கொண்டது. கதையின் களம் அந்த உட்சவ்வே. அதன் தடிமன் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

உட்சவ்வை ஓர் ஏரிக்கரையாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கரைக்கு உட்புறம் பள்ளம். இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளி ஏரி. இந்த ஏரியில் நிரம்புவது நீர் அன்று, புரோட்டான்கள். எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுவே புரோட்டான். பள்ளத்திலிருந்து புரோட்டான்களை அள்ளி ஏரிக்குள் ஏற்றுவதற்குக் கரையெங்கும் ஏற்றங்கள் நாட்டப்பட்டுள்ளன. கிணற்றிலிருந்து நீரிறைக்கும் ஏற்றத்தை ஆள் மிதித்து இயக்குவதுபோல, இந்த ஏற்றங்களை எலக்ட்ரான்கள் இயக்குகின்றன.

அந்த எலக்ட்ரான்கள் உணவிலிருந்து வருபவை. சோற்றின் மாவுப்பொருள் குளுக்கோசாகச் சிதைந்து, மேலும் பல படிகளில் உடைபடும்போது அதன் எலக்ட்ரான்கள் உருவப்பட்டுச் சுவாசச் சங்கிலியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. சவ்வில் பதிந்துள்ள புரதக் கூட்டமைப்புகளின் வரிசையே சுவாசச் சங்கிலி. எலக்ட்ரான்கள் அதில் படிப்படியாக இறங்குகின்றன. உயரத்திலிருந்து இறங்கும் பொருள் ஆற்றலை வெளியிடுவது இயல்பு. அந்த ஆற்றலால் மூன்று இடங்களில் புரோட்டான்கள் வெளியே இறைக்கப்படுகின்றன. இரண்டு எலக்ட்ரான்கள் சங்கிலி முழுவதையும் கடக்கும்போது முதல் ஏற்றம் நான்கு, அடுத்தது நான்கு, கடைசி ஏற்றம் இரண்டு எனப் பத்துப் புரோட்டான்கள் இறைக்கப்படுகின்றன.

படிகளின் அடியில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அவ்வாறு வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். மூச்சின் வழியே உள்ளே வந்து, குருதியின் சிவப்பணுக்களில் பயணம் செய்து, ஒவ்வொரு செல்லையும் அடையும் ஆக்சிஜனின் தலையாய பணி இதுதான்: இறங்கிவரும் எலக்ட்ரான்களை ஏற்று, புரோட்டான்களோடு கூடி நீராக மாறுதல். கடைசிப் படியில் அதனிடம் எலக்ட்ரானைக் கையளிக்கும் நொதி சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். மூச்சும் உயிரும் முடிச்சிடப்பட்ட இடம் அந்த நொதியே.

ஏரி நிரம்பிவிட்டது. வெளியே புரோட்டான்கள் மிகுதி, உள்ளே குறைவு. வெளியே நேர்மின்னூட்டம், உள்ளே எதிர்மின்னூட்டம். இந்த மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கும். சிறிய கைவிளக்கின் மின்கலத்தைவிட இது மிகக் குறைவுதான். ஆயினும், அது விழும் சவ்வின் தடிமனைக் கருதினால் உண்மை நிலை விளங்கும். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று கோடி வோல்ட் என்னும் கணக்கில் அமைந்த மின்புலம் அச்சவ்வின் குறுக்கே நிலைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தால் புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கின்றன. கரையோ அவற்றுக்கு வழிவிடாது. அவை திரும்ப ஒரே ஒரு முறையான வாயில்தான் உண்டு. அந்த மதகின் பெயர் ஏடிபி சிந்தேஸ்.

மேட்டூர் அணையில் தேங்கிய நீர் இறங்கும்போது சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. ஏடிபி சிந்தேஸும் அவ்வாறே சுழலும் ஒரு புரதப்பொறி. புரோட்டான்கள் அதன் வளையத்தில் ஒவ்வொன்றாக ஏறி அமர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி உட்புறம் இறங்குகின்றன. அச்சுழற்சியால் பொறியின் தலைப்பகுதி வடிவம் மாறி, பாஸ்பேட்டைப் பொருத்தி ஏடிபியை வார்த்தெடுக்கிறது. பாலூட்டிகளின் உடலில் எட்டுப் புரோட்டான்கள் இறங்கினால் வளையம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். மூன்று ஏடிபிகள் பிறக்கும். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பொறியின் தலைப்பகுதியைக் கண்ணாடித் தகட்டில் பொருத்தி, அதன் அச்சில் ஒளிரும் நூலிழை ஒன்றை இணைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் படம்பிடித்தனர். அந்த ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, இப்பொறி செயல்படும் முறையை விளக்கிய பால் போயருக்கும் ஜான் வாக்கருக்கும் வழங்கப்பட்டது.

உப்புத்தோலில் கிடைத்த சான்று

இன்று பாடநூலில் எளிதாக எழுதிவிடக்கூடிய இவ்வுண்மை, முதலில் சொல்லப்பட்டபோது ஏற்கப்படவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கில அறிஞர் 1961இல் இக்கருத்தை வெளியிட்டார். அக்காலத்து அறிஞர்கள், உணவின் ஆற்றலை ஏடிபிக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு வேதிப்பொருளே என நம்பினர். அதனைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தனர், அது கிடைக்கவேயில்லை. "அப்படியொரு பொருளே இல்லை; சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே அந்த இடையாள்" என்பது மிட்செலின் முடிபு. பலர் அதனை ஐயத்தோடு நோக்கினர். உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகப் பணியைத் துறந்த அவர், கார்ன்வால் பகுதியில் பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாயில் என்னும் ஆய்வாளரோடு அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

மிட்செலின் கருத்துக்கு வலுவான சான்று ஒன்று 1974இல் கிடைத்தது. அச்சான்றைத் தந்த உயிரி, ஆம்பூரின் தோல் கிடங்குகளுக்கு அயலானதன்று.

உரித்த பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன்மீது உப்பைத் தூவி அடுக்குவது வழக்கம். உப்பு மிகுந்த இடத்தில் பெரும்பாலான நுண்ணுயிரிகள் வாழ்வதில்லை. எனினும், வெப்பமும் ஈரமும் கூடிய நாள்களில் உப்புத்தோலின்மேல் செந்நிறத் திட்டுகள் படர்வதுண்டு. தோலின் தரத்தைக் கெடுக்கும் அத்திட்டுகளைத் தோல் வணிகர்கள் அஞ்சுவர். உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிரிகளின் வேலை அது. உப்பளங்களின் நீரைச் செந்நிறமாக்குவதும் அத்தகைய உயிரிகளே. ஹாலோபாக்டீரியம் அவ்வகையில் ஒன்று. அதன் சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்று உண்டு. வெயில் பட்டால் அப்புரதம் புரோட்டானை வெளியே இறைக்கும். உணவும் எலக்ட்ரானும் தேவையில்லை. ஒளி ஒன்றே அந்த ஏற்றத்தை மிதித்துவிடும்.

எஃப்ரைம் ராக்கர், வால்தர் ஸ்டோக்கீனியஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் சோயா அவரையின் கொழுப்புப்பொருளால் நுண்ணிய செயற்கைக் குமிழிகளைச் செய்தனர். அக்குமிழிகளின் சவ்வில் உப்புவாழ் உயிரியின் ஊதாப் புரதத்தைப் பதித்தனர். அதனோடு மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி சிந்தேஸையும் பதித்தனர். அவரை, உப்புயிரி, மாடு என ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று உயிர்களின் பொருள்கள் ஒரே குமிழியில் சேர்ந்தன. ஒளியைப் பாய்ச்சியதும் ஏடிபி பிறந்தது. இரு புரதங்களுக்கும் இடையே வேதிப்பொருள் எதுவும் தூது சென்றிருக்க இயலாது. சென்றது புரோட்டான் ஒன்றே என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று. 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசு மிட்செலுக்கு வழங்கப்பட்டது.

ஏற்றம் நிற்கும் இடம்

ஆம்பூர்த் தோல் கூடங்களில் இந்த அறிவியல் வேறொரு முகத்தோடும் தோன்றுகிறது. அது கொடிய முகம்.

பச்சைத்தோலின் மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்த கரைசலில் தோலை ஊறவைப்பர். அக்கரைசல் கடுங்காரத்தன்மை உடையது. அதே கூடத்தில், பின்னர் நிகழும் பதனிடும் பணிகளுக்குக் கந்தக அமிலம் பயன்படுகிறது. காரக் கழிவும் அமிலக் கழிவும் தனித்தனியே இருக்கும்வரை பெரும் தீங்கில்லை. இரண்டும் கலந்தால் நிலைமை மாறுகிறது. அமிலம் என்பது புரோட்டானைத் தரும் பொருள். அது தரும் புரோட்டான்கள் சல்பைடோடு கூடினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று எழும். கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தேங்கிய சேற்றிலும் காற்றின்றி வாழும் நுண்ணுயிரிகள் இதே நச்சை உண்டாக்குகின்றன. உயிரை இயக்கும் அதே புரோட்டான், இடம் மாறிச் சேரும்போது உயிரைப் பறிக்கும் நஞ்சின் உறுப்பாகிவிடுகிறது.

தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்டத்தில் ஒரு மைல்கல். கழிவைச் சுத்திகரிக்கும் வசதியின்றித் தோல் கூடங்கள் இயங்கக்கூடாது என்பதை அது உறுதிசெய்தது. ஆற்றைக் காக்கத் தொட்டிகள் தேவை. அத்தொட்டிகளின் சேற்றை அவ்வப்போது அகற்ற வேண்டும். பல இடங்களில் அதற்காக இறங்குவது மனித உடலே.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. ஆகவே, தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகும்போது நுகர்வு நரம்பே செயலிழந்துவிடும், நாற்றம் மறைந்துவிடும். 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று எண்ணும் கணம்தான் மிகக் கொடிய கணமாக அமைகிறது.

உள்ளே சென்ற நச்சு தேடிச் சேரும் இடம், முன்னர்க் கண்ட கடைசிப் படி. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியை அது பற்றிக்கொள்கிறது. சயனைடு பற்றும் இடமும் அதுவே. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற இயலாமல் போகிறது. கடைசிப் படி அடைபட்டதும் மேற்படிகளில் நிற்கும் எலக்ட்ரான்கள் அசையாது நின்றுவிடுகின்றன. மூன்று ஏற்றங்களும் ஓய்கின்றன. ஏரி வடிகிறது, மதகின் சுழலி நிற்கிறது, ஏடிபியின் வரவு அறுகிறது. குருதியில் ஆக்சிஜன் இருந்தாலும் செல்லுக்கு அதனைப் பயன்படுத்தத் தெரியவில்லை. இலையில் சோறு பரிமாறப்பட்டிருக்க, உண்ணும் கை மட்டும் கட்டப்பட்டவனின் நிலை அது. ஏடிபியை அன்றன்று சம்பாதித்து வாழும் உறுப்புகளுள் மூளையே மிகுந்த செலவாளி. ஆதலால், அதுவே முதலில் வீழ்கிறது. செறிவு மிகுந்தால் ஓரிரு மூச்சுகளிலேயே மனிதர் நினைவிழந்து சாய்ந்துவிடுவர்.

பின்னர் நிகழ்வது இன்னும் துயரமானது. மேலே நிற்பவர் கீழே விழுந்தவரைக் காண்கிறார். "அண்ணே! அண்ணே!" என்று அழைக்கிறார். மறுமொழி இல்லை. உடன் உழைத்தவரை, உடன் உண்டவரைக் கைவிட மனம் ஒப்புமா? எண்ணிப் பார்க்க நேரமின்றி அவரும் இறங்குகிறார். அவரைக் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். தோல் கூடங்களிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் ஒருவருக்குப் பதிலாக இருவர், மூவர் என இறந்ததாக நாளிதழ்களில் வெளிவரும் செய்திகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான். அவர்களைக் கொன்றது நச்சு. அவர்களை அந்த நச்சிடம் இட்டுச் சென்றதோ அன்பு. அறிவு துணை நிற்காத அன்பு இவ்வாறு தன்னையே பலியிடுகிறது.

கரையில் விழுந்த நண்டுவளை

ஏற்றத்தை நிறுத்துவது ஒருவகைக் கேடு. ஏற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரையில் துளை விழுந்தால் அது மற்றொரு வகைக் கேடு. ஏரிக்கரையில் நண்டு வளை தோண்டினால் நீர் மதகுக்கு வராமலே கசிந்துவிடும் என்பதை உழவர் அறிவர். இழைமணியின் கரையிலும் அத்தகைய கசிவு நேரக்கூடும். அக்கேட்டின் கதையும் தோலோடு தொடர்புடையது.

பதனிட்ட ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருள் உலகெங்கும் தோல் தொழிலில் பயன்பட்டது. தமிழகத் தோல் கூடங்களிலும் அது புழக்கத்தில் இருந்தது. கொழுப்பிலும் கரையும் இந்த மென்னமிலம் இழைமணியின் சவ்வினுள் எளிதில் நுழைந்துவிடும். ஏரிப்பக்கம் ஒரு புரோட்டானை ஏற்றிக்கொள்ளும். சவ்வைக் கடந்து உட்புறம் இறக்கிவிடும். மீண்டும் மறுகரைக்குத் திரும்பும். ஓயாமல் ஆள்களை அக்கரை சேர்க்கும் பரிசல்போல் அது இயங்குகிறது. புரோட்டான்கள் மதகின் வழியே இறங்காததால் சுழலி சுழல்வதில்லை. ஏற்றங்களோ முன்னிலும் விரைவாக இறைக்கின்றன. உணவு எரிகிறது, ஆக்சிஜன் செலவாகிறது, ஏடிபி மட்டும் பிறப்பதில்லை. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. இந்நஞ்சு மிகுதியாக உடலில் ஏறியவர்க்குக் கடுங்காய்ச்சலும் வியர்வையும் மூச்சிரைப்பும் தோன்றுவது இதனாலேயே.

இதே வகையைச் சேர்ந்த டைநைட்ரோபீனால் என்னும் பொருளை 1930களில் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக விற்றனர். எடை குறைந்தது உண்மையே. ஆனால், சிலர் உடல் வெப்பம் தணியாமல் இறந்தனர். சிலர் பார்வை இழந்தனர். 1938இல் அதன் விற்பனை தடுக்கப்பட்டது.

பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989 டிசம்பரில் தடைசெய்தது. ஒரு கிலோ பொருளில் ஐந்து மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் விற்கலாகாது என்பது சட்டம். ஜெர்மனிக்குத் தோலும் காலணியும் அனுப்பிய தமிழகத் தொழிலுக்கு அது பெரும் அதிர்ச்சி. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கூடங்கள் தம் வழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று. 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்விலும் சோதனையிலும் தொழிலுக்குத் துணைநின்றது. தொண்ணூறுகளில் அந்நஞ்சு இந்தியத் தோல் தொழிலிலிருந்து விலக்கப்பட்டது. மாற்றுப் பொருள்கள் வந்தன. தொலைநாட்டில் காலணி அணிபவரின் நலனுக்காக எழுந்த சட்டம், அதே நஞ்சை நாள்தோறும் வெறுங்கையால் கையாண்ட தொழிலாளிக்கும் காப்பாக அமைந்தது. அக்காப்பு அத்தொழிலாளியை முன்னிட்டு முதலில் எழவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புரோட்டான் கசிவு எப்போதும் கேடே என்று கூறிவிடவும் முடியாது. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு இடையே பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. அக்கொழுப்புச் செல்களின் இழைமணிகளில் உள்ள ஒரு புரதம், தேவையான பொழுது மட்டும் கரையில் ஒரு வழியைத் திறந்து புரோட்டான்களைக் கசியவிடுகிறது. அவ்வெப்பமே குழந்தையின் உடலைக் காக்கிறது. அங்கே கசிவும் அளவோடு நிகழ்கிறது. அளவை உடலே ஆள்கிறது. அளவும் இடமும் அறிந்து நிகழ்வது வாழ்வு. அவை தப்பினால் அதுவே அழிவு.

கயிற்றின் மறுமுனை

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு இத்தகைய தொட்டிகளைப் பற்றியே பேசியது. நச்சுக்காற்று இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ எவரையும் வெறுமனே இறக்கலாகாது. உள்ளிருக்கும் காற்றைச் சோதித்து, அங்கு ஆபத்து இல்லையெனத் தகுதியுடையவர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். அன்றேல், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும். அவர் இடைவாரில் கயிறு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அக்கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவரின் கையில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் இந்தச் சொற்களை இழைமணியின் கதையோடு சேர்த்துப் படித்தால் அவற்றின் பொருள் துலங்கும். மூக்கை நம்பலாகாது, ஏனெனில், நச்சு முதலில் மயக்குவது மூக்கை. விரைந்து இறங்கி விரைந்து ஏறிவிடலாம் என்று கருதலாகாது. ஏனெனில், ஏடிபிக்குச் சேமிப்பு இல்லை. விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்கலாகாது. ஏனெனில், இறங்குபவரின் கடைசிப் படியும் அதே மூச்சில் அடைபடும். உடனே தூய காற்றைச் செலுத்துவதும், தீயணைப்பு மீட்புப் பணியினரை அழைப்பதும், கயிறு இருந்தால் வெளியே நின்று இழுப்பதுமே விழுந்தவருக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி. இயந்திரத்தால் சேறு அகற்றப்படும் நாளில் இறங்க வேண்டிய தேவையே இராது. அந்நாளே எய்த வேண்டிய நாள்.

மாலையில் ஆம்பூரின் தொழிற்சாலைப் பேருந்துகள் திரும்புகின்றன. களைத்த கைகள் கம்பியைப் பற்றியிருக்கின்றன. அந்தக் கைகளில் ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற சுழலிகள் சுழல்கின்றன. ஏற்றங்கள் இறைத்தவண்ணம் இருக்கின்றன. வீட்டில் பதினோராம் வகுப்புப் பாடநூலைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளைக்குச் சுவாசச் சங்கிலியின் படம் தேர்வில் கேட்கப்படும் ஐந்து மதிப்பெண் வினாவாகத் தோன்றலாம். சுண்ணாம்பு மணத்தோடு வீடு திரும்பும் தந்தையிடம் அந்தப் படத்தின் கடைசிப் படியைக் காட்டி, நாற்றம் மறைவது நல்ல அறிகுறி அன்று என்ற ஒரு செய்தியை அப்பிள்ளை சொல்லிவிட்டால் போதும். சட்டம் கூறும் கயிற்றின் மறுமுனை அப்போது ஒரு பிள்ளையின் கையிலும் இருக்கும்.